அடைத்து வைத்தவரின் கடன்

கூண்டில் வளர்க்கும் மீனின் தீவனத்தில் வைட்டமின் கலந்து கொடுக்கிறார்கள். அந்தச் செயலை அறத்தின் எந்தக் கணக்கில் எழுதுவது? ஜீவகாருண்யம் என்று சிலர் சொல்லக்கூடும். பண்ணைக் கணக்கில் அது தீவனச் செலவோடு சேர்ந்துவிடும். இரண்டும் பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். ஓர் உயிரை அதன் இரையிலிருந்து பிரித்து அடைத்து வைத்தவர், வெளியே இருந்தால் அது தானாகத் தேடித் தின்றிருக்கும் அத்தனைக்கும் அதனிடம் கடன்பட்டவர் ஆகிறார். வைட்டமின் அந்தக் கடனில் கட்டவேண்டிய ஒரு பகுதி. மீனைக் கடைசியில் கொல்லப்போகிறோம் என்பதால் அந்தக் கடன் தள்ளுபடி ஆகாது. ஒழுங்காகக் கட்டிவிட்டோம் என்பதால் கொல்லும் உரிமை கைக்கு வந்துவிடவும் இல்லை. அது தனி வழக்கு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், கொல்வதே தவறு என்பவர்கள் தீவனத்தைப் பற்றிப் பேச மறுக்கிறார்கள். கொல்வதில் தவறில்லை என்பவர்கள் தீவனத்தில் பேச என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். நடுவில் அந்த மீன் பல மாதங்கள் உயிரோடு இருக்கிறது.

எலும்பு மீன்களில் மிகப் பெரும்பாலானவற்றால் வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்ள முடியாது. அதற்கு வேண்டிய கடைசி நொதி அவற்றிடம் இல்லை. மனிதருக்கும் இல்லை, கினிப் பன்றிக்கும் இல்லை. ஆடு, மாடு, நாய் எல்லாம் தம் கல்லீரலிலேயே அதைச் செய்துகொள்கின்றன. ஆற்றிலும் ஏரியிலும் வாழும் மீனுக்கு இது ஒரு குறையே இல்லை. பாசியும் மிதவை உயிரிகளும் பூச்சிப் புழுக்களும் சிறு மீன்களும் வேண்டியதைக் கொடுத்துவிடுகின்றன. அடைத்து வைத்த பிறகுதான் அது குறையாகிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சேனல் கெளுத்தி வளர்ப்பு பெருந்தொழிலாக எழுந்த காலத்தில், அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்.டி. லவல் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கூண்டில் அடைத்து, வைட்டமின் சி சேர்க்காத தீவனம் மட்டும் போட்டு வளர்த்த கெளுத்திகளின் முதுகெலும்பு கோணியது, வளர்ச்சியும் குன்றியது. பண்ணைக்காரர்கள் இதை முதுகு முறிவு நோய் என்றே அழைத்தார்கள். எலும்புக்கும் குருத்தெலும்புக்கும் தோலுக்கும் பிடிப்பைத் தரும் கொலாஜன் என்ற புரதம் உறுதியாக முறுக்கேற வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் முள்ளெலும்பு தளர்ந்துபோகிறது. நீந்தும்போது இருபுறத் தசைகளும் இழுக்கும் இழுப்பை அது தாங்குவதில்லை. மீன் தன் சொந்த நீச்சலின் வலுவாலேயே தன் முதுகை முறித்துக்கொள்கிறது. வலையில் எடுத்துப் பார்த்தால் உடல் பக்கவாட்டில் எஸ் எழுத்தைப் போல நெளிந்திருக்கும். முறிந்த இடத்துக்கு மேலே தோலில் நிறம் மாறிய ஒரு பட்டை ஓடும். உள்ளே இரத்தக் கசிவு இருக்கும். அதன் வயிறு மட்டும் நிரம்பியிருக்கும்.

நோய் எங்கே வந்தது என்பதை இங்கே கூர்ந்து பார்க்க வேண்டும். ஆந்திரத்தின் கொல்லேறு ஏரியைச் சுற்றியுள்ள மண் குளங்களில் ரோகுவும் கட்லாவும் வளர்க்கிறார்கள். மூங்கில் கழிகளை நட்டு, துளையிட்ட சாக்குப் பைகளில் எண்ணெய் எடுத்த தவிட்டை நிரப்பித் தண்ணீருக்குள் தொங்கவிடுகிறார்கள். மீன்கள் வந்து பையை முட்டி முட்டித் தின்கின்றன. அந்தத் தவிட்டில் வைட்டமின் சி என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. ஆனாலும் எருவிட்ட அந்தக் குளத்தில் பாசியும் மிதவை உயிரிகளும் மண்டிக் கிடப்பதால், மீன் தன் தேவையில் பெரும்பங்கைத் தானே தேடிக்கொள்கிறது. அதே மீனை அடர்த்தியாக நிரப்பி வலைக் கூண்டில் விட்டாலோ, சிமென்டுத் தொட்டியில் சுழல்நீரில் வளர்த்தாலோ, தேடுவதற்கு எதுவும் இருக்காது. வாயில் விழும் தீவன உருண்டைதான் அதன் முழு உலகம். மீன் உணவியல் நூல்கள் துணைத் தீவனம் என்றும் முழுமைத் தீவனம் என்றும் பிரிப்பது இதனால்தான். அடைப்பு இறுக இறுக, அடைத்தவர் தரவேண்டியது கூடிக்கொண்டே போகிறது. கருணைக்கு இப்படி ஓர் அளவுகோல் கிடையாது; கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்து அது கூடும், குறையும். இங்கே அளவைத் தீர்மானிப்பது நாம் எடுத்துக்கொண்டது எவ்வளவு என்பதே. அதனால்தான் இதைக் கடன் என்கிறேன்.

வயிறு நிரம்பியும் பட்டினி கிடக்க முடியும் என்பதை அறிவியல் கண்டுபிடித்த வரலாறு பெரும்பாலும் அடைபட்ட உயிர்களின் வரலாறுதான். 1927இல் அமெரிக்காவில் கிளைவ் மெக்கேயும் அவருடைய சகாக்களும் ட்ரவுட் மீன்களுக்கு உலர்ந்த தீவனம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்கள் நன்றாக வளர்ந்த மீன்கள் பிறகு செத்தன. பச்சை இறைச்சியைச் சேர்த்தால் பிழைத்தன. அந்த இறைச்சியில் இருந்த இனம் தெரியாத பொருளுக்கு ‘ஹெச் காரணி’ என்று பெயர் வைத்தார்கள். 1957இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஜான் ஹால்வர் தூய பொருள்களை மட்டும் கூட்டித் தயாரித்த தீவனத்தில் ஒவ்வொரு வைட்டமினாக நீக்கி, சினூக் சால்மன் குஞ்சுகளுக்கு எது எது இல்லாவிட்டால் என்ன நேர்கிறது என்று பட்டியலிட்டார். இன்றைய மீன் தீவனங்களின் வைட்டமின் கலவைக்கு அதுவே அடித்தளம். உணவே உணவைத் தின்னும் விந்தையும் உண்டு. 1930களில் மின்னசோட்டாவில் தோலுக்காக நரி வளர்த்த ஒரு பண்ணையில், பச்சைக் கெண்டை மீனை அரைத்துப் போட்டதால் நரிகளுக்கு வாதம் வந்தது. கெண்டையில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடுகிறது என்று பின்னால் தெரிந்தது. மனிதரிலும் இதே கதைதான். லண்டனின் மில்பாங்க் சிறையில் 1822இல் உணவுப்படியைக் குறைத்து உருளைக்கிழங்கை நிறுத்தினார்கள்; அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கைதிகளிடையே, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி பரவியது. வெளியே இருந்திருந்தால் பத்துக் காசுக்கு ஒரு கிழங்கை வாங்கித் தின்றிருப்பார்கள். உள்ளே அந்த வழி அடைபட்டிருந்தது. கைதிகளுக்குச் சோறு போட்டுக்கொண்டுதானே இருந்தோம் என்று அந்தச் சிறையை நடத்தியவர்கள் சொன்னால் நாம் ஏற்போமா? வழியை அடைத்தவர் வயிற்றை நிரப்பினால் மட்டும் போதாது.

சமய மரபுகளில் இந்த எண்ணத்தை மிகத் தெளிவாகச் சொல்லும் இரண்டு இடங்களைக் காண்கிறேன். ஒன்று இஸ்லாத்தில். பூனை ஒன்றை அடைத்து வைத்துச் சாகவிட்ட ஒரு பெண் அதற்காகத் தண்டனை அடைந்ததாக நபிமொழி ஒன்று புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இருக்கிறது. அவள்மீது வைக்கப்படும் குற்றம் இரண்டு பகுதி கொண்டது: அதற்கு உணவும் தரவில்லை, மண்ணில் திரியும் சிற்றுயிர்களை அதுவாகப் பிடித்துத் தின்ன வெளியே விடவும் இல்லை. இரண்டில் ஒன்றைச் செய்திருந்தாலும் அவள்மீது பழி இல்லை. பூனைக்குச் சோறிடாத எத்தனையோ பேர் அந்த ஊரில் இருந்திருப்பார்கள். அவர்கள் யாரும் குற்றவாளி ஆகவில்லை. கதவைச் சாத்தியதுதான் அவளைக் கடன்காரி ஆக்கியது. இரண்டாவது இடம் சமணம். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்துக்கு நேரும் ஐந்து வழுக்களைச் சொல்கிறது: கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். கொல்வதற்கு வெகு முன்பே, கொலை நடக்காத வீட்டிலும் இம்சை நிகழும் என்பது அந்தப் பட்டியலின் நுட்பம். சமணம் மீன் வளர்ப்பையே ஏற்காது. அதன் ஒரு வரியை எடுத்து இந்தத் தொழிலுக்கு நற்சான்று வழங்க நான் முயலவில்லை. எடுத்துக்கொள்வது ஒன்றே: உணவைத் தடுத்தல் என்பது வெறும் கருணைக் குறைவு என்று அங்கே விடப்படவில்லை. அடித்தலுக்கும் அறுத்தலுக்கும் பக்கத்தில் தனிச் செயலாகவே அது நிற்கிறது. எந்த உணவு என்று அந்தச் சூத்திரம் விரித்துச் சொல்லவில்லை. வைட்டமின்களைக் கண்டறிந்த பிறகு வாழும் நமக்கு அதற்கான விடை கிடைத்திருக்கிறது. தெரிந்த பின் தடுப்பதும் தெரியாமல் தவறவிடுவதும் ஒன்றாகாது.

கோயில் தெப்பக்குளத்தில் மீனுக்குப் பொரி போடுபவரின் செயல் வேறு வகை. அவர் அந்த மீனுக்கு எதையும் மறித்து வைக்கவில்லை. போட்டால் புண்ணியம், போடாவிட்டால் குற்றமில்லை. தானத்துக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. பண்ணையாளருக்கு அது கிடையாது. விலங்கறம் பற்றி எழுதும் மெய்யியலாளர் கிளேர் பாமர் தம் 2010ஆம் ஆண்டு நூலில் ஏறக்குறைய இதே கோட்டை வேறு பாதையில் வந்து வரைகிறார்: காட்டில் தன்போக்கில் வாழும் விலங்குக்கு உதவும் கடமை பொதுவாக நமக்கு இல்லை, நம்மால் நம்மைச் சார்ந்து வாழும்படி ஆக்கப்பட்ட விலங்குக்கு உண்டு. மத நம்பிக்கை இல்லாத ஒருவரும் இந்த இடத்துக்கு வந்து சேரலாம் என்பதற்காகவே அவரைக் குறிப்பிடுகிறேன்.

இயற்கையிலும் மீன்கள் வைட்டமின் இல்லாமல் சாகின்றனவே, அதற்கு யார் கடன்காரர் என்று கேட்கலாம். பால்டிக் கடல் சால்மனில் எம்74 என்று ஒரு நோய் உண்டு. கொழுத்த ஸ்ப்ராட் மீன்களை மிகுதியாகத் தின்னும் தாய் மீனுக்கு வைட்டமின் பி1 (தயாமின்) குறைந்து, பொரித்த குஞ்சுகள் நிலைதடுமாறி நீந்திச் சாகின்றன. குஞ்சுகளைத் தயாமின் கரைத்த நீரில் முக்கி எடுத்தால் பிழைக்கின்றன. நடுக்கடலில் ஒரு மீன் இப்படிச் செத்தால் அதற்கு நேரடியாக யாரும் பொறுப்பில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த உதாரணமே இன்னொன்றையும் காட்டுகிறது. ஸ்வீடனில் ஆறுகளை மறித்து நீர்மின் அணைகளைக் கட்டிய நிறுவனங்கள், இழந்த இனப்பெருக்க இடங்களுக்கு ஈடாகச் சால்மன் குஞ்சுகளை வளர்த்து விடவேண்டும் என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் பணித்தன. அந்தப் பொரிப்பகங்களில்தான் தயாமின் குளியல் நடக்கிறது. ஆற்றை மறித்தவர்மேல் அங்கே சட்டம் சுமத்திய பொறுப்பு, நான் சொல்லும் கடனின் வடிவத்திலேயே இருக்கிறது.

இதைவிட வலுவான கேள்வி, மீனுக்கு வலி தெரியுமா என்பது. 2003இல் லின் ஸ்னெடனும் அவருடைய சகாக்களும் ட்ரவுட் மீனின் உதட்டில் அசிட்டிக் அமிலத்தை ஊசியால் ஏற்றினார்கள். அந்த மீன்கள் உதட்டைத் தொட்டியின் கூழாங்கல்லில் தேய்த்தன. பக்கத்துக்குப் பக்கம் ஆடின. மீண்டும் இரை எடுக்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆயிற்று. வெறும் உப்புநீர் ஏற்றிய மீன்கள் அதில் பாதி நேரத்தில் இரைக்குத் திரும்பின. மூளையின் புறணி இல்லாத மீன் வலியை உணரவே முடியாது என்று 2016இல் பிரயன் கீ வாதிட்டார். அந்த விவாதம் முடியவில்லை. முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். முதுகெலும்பு முறிந்த மீன் இரைக்குப் போட்டியிட முடியாமல் பின்தங்குகிறது, மற்ற மீன்கள் அதைக் கொத்துகின்றன, புண் ஆறுவதில்லை. இதெல்லாம் உள்ளே ஓர் உணர்வாகவும் இருக்கக்கூடும் என்பதற்குச் சான்று இவ்வளவு கனக்கும்போது, ஒரு கிலோ தீவனத்துக்குச் சில பத்து மில்லிகிராம் பொருளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் ஐயத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது? தவறினால் நாம் இழப்பது கொஞ்சம் காசு; மீன் இழப்பது தன் முதுகை.

பண்ணையாளர் தம் லாபத்துக்காகவே வைட்டமினைச் சேர்த்துவிடுகிறார், இதில் அறத்துக்கு என்ன வேலை என்பவர்களுக்குப் பதில், லாபம் எதுவரை கூட வரும் என்பதில் இருக்கிறது. தேவைப் பட்டியல்களில் காணும் எண்கள் பெரும்பாலும் ஆய்வகத் தொட்டியில், நல்ல நீரில், வேகமாக வளரும் இளங்குஞ்சுகளை வைத்து, முழு வளர்ச்சி வர எவ்வளவு போதும் என்று அளந்தவை. 1969இல் ஹால்வரும் சகாக்களும் கோஹோ சால்மனிலும் ட்ரவுட்டிலும் நடத்திய ஆய்வில், காயம் நன்றாக ஆறுவதற்கு, வளர்ச்சிக்குப் போதுமான அளவைவிடப் பல மடங்கு வைட்டமின் சி வேண்டியிருந்தது. கூண்டில் உரசலும் நெரிசலும் அன்றாடம். காயம் விதிவிலக்காக அங்கே வருவதில்லை. காலக் கணக்கும் இருக்கிறது. குறைபாடு வெளியே தெரிய வாரங்கள், சில சமயம் மாதங்கள் பிடிக்கும். அறுவடைக்குச் சில வாரமே இருக்கும் கூண்டில் வைட்டமின் கலவையை நிறுத்தினால் எடை குறையாது, விலையும் குறையாது. லாபமும் கடனும் அங்கே பிரிந்து போகின்றன. மீனுக்கு எது எஞ்சும் என்பது அந்த இடத்தில்தான் தெரியும். சேமிப்பில் நேரும் இழப்பும் அப்படித்தான். வைட்டமின் சி-யின் சாதாரண வடிவமான அஸ்கார்பிக் அமிலம், தீவனத்தைச் சூட்டிலும் அழுத்தத்திலும் உருண்டையாக்கும்போதே பெருமளவு அழிந்துவிடும். எஞ்சியது வெப்பமும் ஈரமும் உள்ள கிடங்கில் வாரத்துக்கு வாரம் கரையும். பாஸ்பேட்டோடு பிணைத்த நிலையான வடிவம் வந்த பிறகு இது வெகுவாகச் சீர்பட்டது; ஆனால் விலை கூடுதல். மூட்டையில் அச்சிட்டிருக்கும் அளவு ஆலையில் கொட்டிய அளவாக இருக்கலாம். மீனுக்குத் தரவேண்டியதோ அதன் வாய்க்குப் போய்ச் சேரும் அளவு.

என்னை அதிகம் யோசிக்க வைத்த மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது. வைட்டமின் கலவைதான் இந்த அடைப்பையே சாத்தியமாக்கியது. ஹால்வரின் பட்டியல் இல்லாமல் இன்றைய நெரிசல் கூண்டுகள் இல்லை. ஆகவே நீங்கள் கடனடைப்பு என்று சொல்வது உண்மையில் கைவிலங்குக்குப் போட்ட எண்ணெய் என்கிறார்கள். இதில் வரலாற்றுப் பகுதி சரி. முழுமைத் தீவனம் இல்லாத காலத்தில் மீனைக் குளத்தில் விட்டுவைக்க வேண்டியிருந்தது. அதன் உடலே நெரிசலுக்கு ஓர் எல்லை போட்டிருந்தது. அந்த எல்லையை நகர்த்தியதில் உணவியல் அறிவுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் அதிலிருந்து வரும் முடிவு, கூண்டுக்குள் ஏற்கனவே இருக்கும் மீனிடமிருந்து வைட்டமினைப் பறிக்கலாம் என்பதாக இருக்க முடியாது. அதன் முதுகைப் பிணையாக வைத்து நாம் தொழிலோடு வாதாடக் கூடாது. வரும் முடிவு வேறு. வைட்டமின் நாம் மறித்தவற்றில் எளிதாகத் திருப்பித் தரக்கூடியது. எடைபோடலாம், விலைபோடலாம், மூட்டையில் கட்டலாம். நீந்தும் தூரம், இரையைத் தெரிந்தெடுத்தல், அச்சமூட்டும் மீனிடமிருந்து விலகிப்போதல் ஆகியவற்றை எந்தக் கலவையிலும் சேர்க்க முடியாது. கடனின் எந்தப் பகுதியைக் கட்ட வழியே இல்லை என்று இப்படிக் கணக்குப் பார்த்தால், எவ்வளவு அடைக்கலாம் என்பதற்கும் ஒரு வரம்பு அந்தக் கணக்கிலிருந்தே கிடைக்கும். வைட்டமினை வியாபாரச் செலவாகப் பார்ப்பவருக்கு அந்த வரம்பு கண்ணில் படாது. முழுதும் கட்டிவிட்டோம் என்று எண்ணிக்கொண்டே அவர் அடுத்த கூண்டை இறக்குவார்.

கொல்லும் வழக்கில் வாங்கி உண்பவரும் ஒரு தரப்பு என்று வள்ளுவர் புலால் மறுத்தலில் வாதிடுகிறார். தின்பவர் இல்லாவிட்டால் விற்பவரும் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அதை இந்தக் கடனுக்கும் நீட்டலாம், நீட்டத்தான் வேண்டும். புலால் உண்ணாதவர் இந்தக் கணக்கிலிருந்து முழுதாக விடுபடுகிறார். அவருடைய நிலை என்னுடைய வாதத்தைவிட எளிமையானது, தூய்மையானது. உண்பவர், சந்தையில் மிக மலிவான மீனைக் கேட்கும்போது, யாருடைய பங்கிலிருந்து அந்த மலிவு வருகிறது என்பதையும் சேர்த்தே கேட்கிறார்.

சிறு விவசாயியின் தலையில் இந்தச் சுமையை ஏற்றாதீர்கள் என்பது நியாயமான கவலை. ஆனால் அடைப்புக்கு ஏற்பக் கடன் என்ற அளவுகோல் அவருக்குச் சாதகமானது. பண்ணைக்குட்டையில் கொஞ்சம் கட்லா, ரோகு விரலிகளை விட்டு, சாணமும் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போடுபவர், பாசி வளரத் தண்ணீரைப் பேணினாலே பெரும்பாலும் தன் பங்கைச் செய்துவிடுகிறார். விலை உயர்ந்த கலவை அவருக்குத் தேவைப்படாது. கேள்வி கூண்டுக்காரர்களை நோக்கியது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையம் 2010இல் கடல் விராலைப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்ததிலிருந்து, நம் கடலோரத்திலும் மிதவைக் கூண்டுகள் பெருகிவிட்டன. 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் நீர்த்தேக்கக் கூண்டுகளுக்கும் சுழல்நீர்த் தொட்டிகளுக்கும் மானியம் தருகிறது. கடல் விரால் கூண்டுகள் பலவற்றில் இன்னமும் மலிவான சிறு மீனை வெட்டித்தான் போடுகிறார்கள். மத்தி, நெத்திலி வகைகள் சிலவற்றில், மின்னசோட்டா நரிகளை வீழ்த்திய அதே நொதி இருக்கிறது. ஒரே வகைச் சிறு மீனை மாதக்கணக்கில் போடுவது வயிற்றை நிரப்பிக்கொண்டே பி1-ஐ உறிஞ்சும். மானியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். என்ன தீவனம், அதில் எந்த வைட்டமின் எந்த வடிவில் இருக்கிறது, கிடங்கில் எத்தனை நாள் கிடக்கும், கடைசி மாதத்திலும் அதே கலவையா என்ற நான்கு கேள்விகளை அந்த விண்ணப்பத் தாளில் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். பொதுப்பணத்தில் ஒரு கூண்டை இறக்கும் அரசும் கதவைச் சாத்தியவர்களில் ஒருவர்தான். இந்த நான்கையும் கேட்கும் பொறுப்பு முதலில் அதனுடையது.